வாயால் எழுதிய புரோகிராம்

அன்றைக்கு சென்னீர்குப்பத்தில், லாரி உதிரிபாகக் கடைக்கு மேலே இருந்த அந்த மாடியறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான். என் கூட்டாளி டில்லிபாபு. எங்களோடு கம்ப்யூட்டர் படித்த நஸ்ரின். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் பூந்தமல்லியிலிருந்து கூடவே வந்து, வாசலை ஒட்டிய ஸ்டூலில், குடையை முழங்கால்களுக்கு நடுவே நட்டுவைத்து உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா. பிறகு, எங்களை இன்டர்வியூ செய்ய வேண்டிய முதலாளி கோதண்டம். மேசைமேல் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. அந்த அறையில் என்னைப் பார்த்து எதுவும் நினைக்காமல் இருந்தது அது ஒன்றுதான்.

இவ்வளவு காலம் கழித்து அது ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்றால், காலுறை நாற்றத்தால். சிரிக்காதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் ஹரிணி வந்திருந்தாள். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். வாசலில் ஷூவைக் கழற்றி, காலுறையை அதற்குள் திணித்துவிட்டு, நேராக வந்து ஃபேனுக்கு அடியில் லேப்டாப்பைத் திறந்தாள். "மாமா, நாளைக்கு ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் வைவா. நீங்க அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல இருந்தவரு தானே, கேள்வி கேளுங்க பார்ப்போம்" என்றாள். காலுறை வாடையும், சூடாகிற கம்ப்யூட்டரின் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவளுக்குத்தான் வைவா. பயம் எனக்கு.

வேர்ப்பது எனக்குப் பிறவிக் குணம். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வறுமை, குடும்பச் சூழ்நிலை என்று நீங்கள் பெருந்தன்மையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு நிலையான வேலை, குவார்ட்டர்ஸ், மாதம் பிறந்தால் சம்பளம். கணக்கு வாத்தியார் போர்டை விட்டுத் திரும்பும்போதெல்லாம் அடுத்து என்னைத்தான் எழுப்புவார் என்று முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒருநாள்கூட அவர் என்னை எழுப்பியதில்லை என்பது வேறு விஷயம். எழுப்புவாரோ என்கிற கவலையிலேயே நின்றுவிட்டேன். இப்படி, நடக்காத ஒன்றுக்குப் பயந்து படிப்பை விட்டவன் அந்தக் குவார்ட்டர்ஸ் முழுக்க நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறை. பிரஸ் மிஷினில் வாஷர் அடிக்கிற வேலை. தகட்டை நீட்டு, மிதி, எடு. தகட்டை நீட்டு, மிதி, எடு. எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை சாப்பிடும் சோற்றில்கூட இருக்கும். அங்கேதான் டில்லிபாபு பழக்கம். பக்கத்து மிஷின். அவன் கை வேகம் அப்படி. நான் ஒன்று அடிப்பதற்குள் இரண்டு அடித்துவிட்டு, மீதி நேரத்தில் என்னைக் கிண்டலடிப்பான்.

"இன்னா மாமே, கெய்வனாகற வரிக்கும் வாஷரே அடிச்சினு கீறதா ஐடியாவா? அம்பத்தூர்ல கம்ப்யூட்டரு சொல்லிக் குடுக்குறாங்கோ. கத்துக்கினா உக்காந்துகினே சம்பாரிக்கலாம்."

"நான் ஒன்பதாவதுடா. உள்ளே விடுவாங்களா?"

"நீ ஒம்போதாவதுன்னு கம்ப்யூட்டர் கைல யாரு போய் போட்டுக் குடுக்கப்போறா?"

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் போர்டு. நான் சேர்ந்ததற்குக் காரணம் ஆசையில்லை, அப்பா. அவர் ரிட்டயர் ஆகப்போகிறார். ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். திருநெல்வேலிக்காரர், இங்கே வந்து அரை ஆயுள் கழித்தும் பேச்சை மட்டும் ஊரிலேயே வைத்திருந்தவர்.

"ஏலே, வீட்டுக்காரன் மொதக் கேள்வியே பையன் என்ன செய்யுதான்னுதாம்ல கேக்கான். பென்ஷன்காரன நம்பி எவன் வீடு குடுப்பான்? வாஷர் அடிக்கான்னு சொன்னேன். வெளக்கு வைக்குத நேரம்னுட்டுக் கதவச் சாத்திட்டான். வேற ஏதாச்சும் சொல்லுத மாதிரி ஒரு வேல பாருல."

சொல்லுகிற மாதிரி ஒரு வேலை. அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் கிடைக்காவிட்டால் அப்பா, அம்மா, தங்கை எல்லாரும் பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நிற்பது போலவே எனக்கு எப்போதும் ஒரு காட்சி ஓடும். அந்தக் காட்சியில் மழை வேறு பெய்யும்.

அம்பத்தூரில் பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த கம்ப்யூட்டர் சென்டர். செருப்பு, ஷூ எல்லாம் வெளியே. உள்ளே ஏ.சி. தூசி வந்தால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்பார்கள்; எங்கள் காலுறை வாடை மட்டும் ஆகுமாம். அதை மறைக்க யாரோ ரோஜா வாசனை சென்ட் அடித்துவைப்பார்கள். ரோஜாவும் காலுறையும் ஏ.சி.யில் சேர்ந்து உறைந்த அந்த வாடையைத்தான் நான் பல வருஷம் விஞ்ஞானத்தின் வாடை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மொத்தம் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று எப்போதும் சுருக்கு வைத்துத் தைத்த உறைக்குள் இருக்கும். அந்த உறையைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. ஆக இரண்டு. படிக்கிறவர்களோ அறை கொள்ளாத கூட்டம். அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு மிஷினுக்கு இரண்டு பேர். ஒருவர் ரெக்கார்டு நோட்டில் எழுதிய புரோகிராமைப் படிக்க வேண்டும், மற்றவர் அடிக்க வேண்டும். அடுத்த முறை மாற்றி உட்கார வேண்டும் என்பது சட்டம். நாங்கள் மாறவே இல்லை. கீபோர்டைத் தொட்டால் எதையாவது அழித்துவிடுவேன், அதன் விலையை அப்பாவிடம் கேட்பார்கள் என்று எனக்குக் கவலை. டில்லிபாபுவுக்கோ படிப்பது என்றாலே தலைவலி. ஆகவே நான் வாய், அவன் கை. பட்டறையில் செய்ததையேதான் செய்தோம், காலுறையோடு.

"கிளாஸ் எம்ப்ளாயி. பிரேஸ் ஓபன். பிரைவேட் கோலன். கேர் நேம், ஸ்கொயர் பிராக்கெட்டில் இருபது, செமிகோலன். இன்ட் பேசிக், செமிகோலன்." திரையைப் பார்க்காமல், தாளையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சி அவுட் என்று வந்தால் அதன்பின் அம்புக்குறி போல இரண்டு குறி அடிக்க வேண்டும். அதை "லெஸ்தேன் லெஸ்தேன்" என்று நான் சொல்கிற தாளம் ஆவடி லோக்கல் ரயில் வந்து நிற்பதுபோல இருக்கும் என்று நஸ்ரின் சொல்வாள். அவளுக்கு ஜோடி கிடையாது. தானே படித்து, தானே அடிப்பாள். நடு நடுவே அடிப்பதை நிறுத்திவிட்டு யோசிப்பாள். நேரத்தை வீணடிக்கிறாளே, பாவம், என்று நான் நினைப்பேன்.

சொல்லிக்கொடுத்தவர் சம்பத் சார். ஒல்லியான ஆள். பேன்ட்டின் பின்பாக்கெட்டில் எப்போதும் சாக்பீஸ் தூள். முதல் நாள் ஒவ்வொருவரையும் என்ன வேலை என்று கேட்டு, அந்த வேலையை வைத்தே பாடத்தைச் சொல்வார். என்னிடம், "கிளாஸ்ங்கறது உன் பட்டறையில இருக்கற டை, அச்சுப்பா. ஆப்ஜெக்ட்ங்கறது அதுல அடிச்சு வர்ற வாஷர். டை ஒண்ணு, வாஷர் எத்தனை வேணா" என்றார். ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை எனக்கு. இத்தனை வருஷமாக ஆப்ஜெக்ட்டை மூட்டை மூட்டையாக அடித்துத் தள்ளியவன் அல்லவா நான்!

அடுத்த வாரம் இன்ஹெரிட்டன்ஸ். "அப்பாகிட்ட இருக்கறது புள்ளைக்கு வரும். அவ்வளவுதான் பாடம்" என்றார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கையைத் தூக்கிவிட்டேன்.

"சார், குவார்ட்டர்ஸ் வருமா சார்?"

வகுப்பே சிரித்தது. சம்பத் சார் மட்டும் சிரிக்காமல், "அது வராதுப்பா. அப்பாகிட்ட இருக்கும், ஆனா புள்ள தொட முடியாது. அந்த மாதிரி சமாச்சாரத்துக்குத்தான் பிரைவேட்னு பேரு" என்றார். எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒரே பாடம் அதுதான்.

எங்கள் எல்லாருடைய ரெக்கார்டிலும் இருந்தது ஒரே எம்ப்ளாயி. பெயர் சம்பத். பேசிக் ஆயிரத்தைந்நூறு. அதற்குமேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் கூட்டி கிராஸ் வரும். "கணக்கு நமக்குத் தெரிஞ்சதா இருக்கணும். அப்பத்தான் அவுட்புட் சரியான்னு சொல்ல முடியும்" என்று தன் பெயரையும் தன் சம்பளத்தையும் போர்டில் எழுதியிருந்தார். எழுதியதில் பேசிக் மட்டும்தான் நிஜம், மற்ற படியெல்லாம் கற்பனை என்பதையும் அவரேதான் சொன்னார். உங்கள் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நான் மாற்றவில்லை. மாற்றினால் ஓடாமல் போய்விட்டால்?

பட்டறையில் ஆர்டர் குறைந்தது. ஆட்களும் குறைந்தார்கள். அப்பாவின் ரிட்டயர்மென்ட் நெருங்கியது. அப்போதுதான் சம்பத் சார் எங்கள் மூவரையும் கூப்பிட்டு, சென்னீர்குப்பத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் கோதண்டம் என்பவர் மற்ற கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதி விற்கிறார், ஆள் தேடுகிறார், போய்ப் பாருங்கள் என்றார். நான் கடைசித் தவணை கட்டவில்லையே என்று இழுத்தேன். "வேலை கெடைச்சதும் குடுப்பா. ஓடியா போயிடப் போறே?" என்றார். சார் எதற்காகவோ சொன்னதை நினைத்து, ஓடிப்போகிறவன் முகம் எனக்கு இருக்கிறதோ என்று அன்று முழுக்கக் கண்ணாடி பார்த்தேன்.

இப்போது அந்த மாடியறைக்கு வருகிறேன். கோதண்டம் வெற்றிலை போடுகிறவர். வாயை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, "ஒவ்வொருத்தரா வந்து உக்காந்து ஏதாச்சும் ஒரு புரோகிராம் அடிச்சுக் காட்டுங்க" என்றார். நானும் டில்லிபாபுவும் சேர்ந்து எழுந்தோம்.

"ஒவ்வொருத்தரான்னு சொன்னேன்."

டில்லிபாபு விளக்கினான். "ஒவ்வொருத்தரா வந்தா ஓடாது சார். இவன் வாயி, நானு கையி. ரெண்டும் சேந்தாத்தான் புரோகிராமு."

எங்களுக்கு அது கொஞ்சமும் விசித்திரமாகத் தெரியவில்லை, நம்புங்கள். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்கள் என்று நினைத்திருந்தோம். கோதண்டம் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். ஒழுங்காகச் சிரிப்பதற்காக இருக்கும். "சரி, ஓட்டுங்க" என்றார்.

கண்ணை மூடினேன். கிளாஸ் எம்ப்ளாயி என்று ஆரம்பித்து, கடைசி பிரேஸ் குளோஸ் வரை மூச்சு விடாமல் சொன்னேன். டில்லிபாபுவின் விரல்கள் மழை மாதிரி இறங்கின. ஓட்டினான். ஓடியது! நீலத் திரை கறுப்பாகி, நேம் சம்பத், பேசிக் ஆயிரத்தைந்நூறு, கிராஸ் இவ்வளவு என்று வந்து நின்றது. மழையில் நின்ற என் குடும்பம் பாத்திரங்களோடு ஒரு வீட்டுக்குள் நுழைவது தெரிந்தது.

"பரவால்ல. இப்போ இந்த சம்பத்து மாசத்துல மூணு நாள் லீவு போட்டுட்டான். அந்தச் சம்பளத்தைக் கழிச்சுக் காட்டு" என்றார் கோதண்டம்.

டில்லிபாபு என் வாயைப் பார்த்தான். ரெக்கார்டில் லீவு கிடையாது. மூன்று நாள் கழிக்க எந்த இடத்தில், எத்தனை செமிகோலன்? ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, மனதில் இருந்த உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"சார், அவரு லீவே போட மாட்டாரு சார்."

"யாரு?"

"சம்பத் சார்."

நஸ்ரின் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். டில்லிபாபு, "ஜொரம் வந்தாக்கூட வந்துடுவாரு சார்" என்று எனக்கு ஒத்து ஊதினான். இப்போது கோதண்டம் துப்பவெல்லாம் போகவில்லை, அங்கேயே சிரித்தார்.

பிறகு நஸ்ரின் உட்கார்ந்தாள். நாங்கள் அடித்துவைத்ததிலேயே மேலே ஒரு வரி, கீழே இரண்டு வரி சேர்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். ஒரு எழுத்தைத் திருத்தினாள். ஓட்டினாள். சம்பத் சாருக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று. ஒரு நொடி எனக்கு அவள்மேல் கோபமே வந்தது.

அவளுக்கு வேலை என்று கோதண்டம் சொன்னதும், ஸ்டூலில் இருந்த அவள் அத்தா கோதண்டத்தை இன்டர்வியூ செய்ய ஆரம்பித்தார். பூந்தமல்லியில் தையல் சாமான் கடை வைத்திருப்பவர், நிதானமாகப் பேசுவார்.

"பாத்ரூம் பொம்பளப் புள்ளைக்குத் தனியா இருக்குங்களா? சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவீங்க? வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு எப்படி?"

கோதண்டம் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று பதில் சொன்னார். எல்லாம் முடிந்து, நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படி இறங்கப் போகும்போது அந்த மனிதர் குடையால் என்னைக் காட்டினார்.

"அந்தத் தம்பியும் நல்லா ஓதுறாருங்க. ஒரு எழுத்து முழுங்கல. எங்க கடையில சரக்கு இறங்கறப்போ இப்படிச் சொல்ற ஆளு ஒண்ணு இருந்தா கணக்கே தப்பாது."

கோதண்டம் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைக்காரர்களுக்கு புரோகிராம் விற்றால் மட்டும் போதாது. அவர்களுடைய சரக்குப் பேரேடு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர வேண்டும். ஒருவர் படிக்க, ஒருவர் அடித்தால்தான் அது சீக்கிரம் முடியும். "யோவ் வாயி, இங்க வா. கையையும் இட்டாந்துடு" என்றார்.

இப்படித்தான் நான் கம்ப்யூட்டர் துறையில் நுழைந்தேன். ஆப்ஜெக்ட், கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ் என்று படித்ததில் என் தொழிலுக்கு உதவியது தொண்டை மட்டும்தான். வானகரம், பூந்தமல்லி, அம்பத்தூர் என்று கடை கடையாகப் போய், "பிரேக் ஷூ, பின்பக்கம், இருபத்து நாலு" என்று ராகமாகச் சொல்வேன், டில்லிபாபு அடிப்பான். இதிலும் ஒரு கூத்து நடந்தது. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வரி முடிவிலும் நான் செமிகோலன் என்று சொல்லியிருக்கிறேன். காதில் விழுவதை விரலுக்கு அனுப்புவதைத் தவிர வேறு எதுவும் அறியாத டில்லிபாபு அதையும் அடித்திருக்கிறான். முதல் கடையில் பில் அச்சாகி வந்தபோது ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாலும் ஒரு செமிகோலன்.

"இன்னாய்யா இது, சரக்குக்கெல்லாம் வால் மொளச்சிகீது?" என்றார் கடைக்காரர்.

"அது இல்லாம ஓடாதுங்க" என்றேன். நஸ்ரின் இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை வாலையும் நறுக்குவதற்கு ஒரு புரோகிராம் எழுதினாள். அதைப் படித்துக் காட்டவா என்று கேட்டேன். "வேணாம்ணே, நீங்க போய் டீ குடிங்க" என்றாள்.

ஆவடியில் அப்பா இன்னொரு வீடு பார்க்கப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரர் கேட்டார், பையன் என்ன செய்கிறார்? கம்ப்யூட்டரில் இருக்கிறான் என்றார் அப்பா. அத்தோடு விட்டிருக்கலாம். அந்த ஆள் விடவில்லை. "கம்ப்யூட்டர்ல என்ன பண்றாரு?" என் உள்ளங்கை குளமாகிவிட்டது. நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இவன் வாயத் தொறந்து சொன்னாத்தான் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு எழுத்து போவும், பாத்துக்கிடுங்க."

அதில் ஒரு பொய்யும் இல்லை. வீடு கிடைத்தது. அந்த வீட்டில்தான் தங்கைக்குக் கல்யாணமாயிற்று. அப்பா கடைசிவரை இருந்ததும் அங்கேதான்.

பிறகு சரக்குப் பெட்டிமேல் கறுப்புக் கோடுகள் வந்தன. அதன்மேல் ஒரு சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால் சரக்கின் பெயர் தானே கம்ப்யூட்டரில் ஏறிவிடும். சொல்ல ஒரு வாய் தேவையில்லை, அடிக்க ஒரு கை தேவையில்லை. டில்லிபாபு சமாளித்துக்கொண்டான்; ஆவடியில் ஜெராக்ஸ் கடை போட்டு, இன்றைக்கும் கண்ணால் பார்க்காமல் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துத் தருகிறான். நஸ்ரின் எங்கேயோ உயரத்தில் இருப்பதாகக் கேள்வி. நான் கோதண்டத்தின் உதிரிபாகக் கடைக்கே கீழிறங்கி, கவுன்டரில் உட்கார்ந்துவிட்டேன். மண்ணூர்பேட்டைப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். உள்ளே நிறைய கம்ப்யூட்டர்களாம். ஒருநாள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததற்கே காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை, இந்த இடத்தில் நான் ஆப்ஜெக்ட் அடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஹரிணியிடம் கேள்வி கேட்கத் தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிளாஸ் எம்ப்ளாயி, பிரேஸ் ஓபன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "செமிகோலனையெல்லாம் யாராச்சும் வாயால சொல்லுவாங்களா மாமா?" பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். "ஆனா பாருங்க, எங்க லேப்லயும் இதே எம்ப்ளாயிதான். பேரு மட்டும் எக்ஸ் ஒய் இசட். உங்களுதுல வர்ற சம்பத் யாரு?"

கோதண்டத்திடம் முதல் சம்பளம் வாங்கிய அன்றே, கவரைப் பிரிக்காமல், கடைசித் தவணையைக் கட்ட அம்பத்தூருக்கு ஓடினேன். பாத்திரக்கடை இருந்தது. மாடியில் போர்டு இல்லை. கதவைத் தள்ளினால் வரிசையாகத் தையல் மிஷின்கள். ரோஜாவும் இல்லை, காலுறையும் இல்லை. புதுத்துணிக் கஞ்சி வாசனை. "கம்ப்யூட்டர்காரங்களா? காலி பண்ணிட்டாங்களே. சம்பளம் பாக்கின்னு அந்த சாரு ஒருத்தரு மட்டும் நாலஞ்சு தபா வந்துட்டுப் போனாரு" என்றார் பாத்திரக்கடைக்காரர். எங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை.

ஹரிணிக்கு அதையெல்லாம் சொல்லவில்லை. லீவே போடாத ஒருத்தர் என்றேன். நேம் சம்பத், பேசிக் ஆயிரத்தைந்நூறு. நான் கட்ட வேண்டிய கடைசித் தவணை, முந்நூற்றைம்பது ரூபாய்.